இரட்சிக்கப்பட்ட பின்பும் அடிமைகளை விற்ற ஜான் நியூட்டன்



இந்த மாதம் ஒரு பரிசுத்தவானின் ஜீவியத்தை எழுதித் தரும்படி பாஸ்டர் ஐயா என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் பிரசங்கியார் அல்ல, வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவனும் அல்ல. ஆனாலும் ஒரே ஒருவருடைய ஜீவியத்தை மட்டும் என்னால் எழுத முடியும். அது என் வீட்டுப் பீரோவைத் திறக்க வைத்த ஜீவியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் 1986-ல் இரட்சிக்கப்பட்டு, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவன். குடியை விட்டேன், பீடியை விட்டேன், சினிமாவை விட்டேன். அந்த வருஷக் கடைசியில் ஓர் உபவாசக் கூட்டத்தில் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தையும் பெற்றேன். ஆராதனைக்குத் தவறியதில்லை. தசமபாகம் ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. ஆனால் அப்போது என் தொழில் என்ன தெரியுமா? மார்க்கெட்டில் தண்டல். காலையில் தொண்ணூறு ரூபாய் கொடுத்து, சாயங்காலம் நூறாக வாங்குவது. கொடுக்க முடியாதவர்களுடைய ரேஷன் கார்டையோ காதுத் தோட்டையோ வாங்கி பீரோவில் பூட்டி வைப்பேன். அதே பீரோவின் மேல்தட்டில்தான் என் வேதப்புத்தகமும் இருந்தது. எட்டு வருஷம் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை.

1994-ல் நம் சபையின் மூப்பர் ஒருவர், இப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர், ஒரு பழைய புத்தகத்தை என் கையில் கொடுத்தார். ஜான் நியூட்டனின் ஜீவிய சரித்திரம். என்னைக் கண்டித்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாய் விதைத்த விதை

ஜான் நியூட்டன் 1725-ல் லண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள வாப்பிங் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பன் கப்பல் தலைவர். கடலுக்குப் போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். தாய் எலிசபெத் பக்தியுள்ள ஸ்திரீ. வீட்டுக்கு ஒரே பிள்ளையான அவரை மடியில் வைத்து வேத வசனங்களையும் ஞானப் பாட்டுகளையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். மகன் ஊழியக்காரனாக வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. ஆனால் 1732-ல், பையனுக்கு ஏழு வயது நிறைய சில நாட்களே இருக்கும்போது, காசநோயால் அந்தத் தாய் இறந்துபோனார்.

தகப்பன் மறுமணம் செய்துகொண்டார். பதினோரு வயதில் பையனைக் கப்பலுக்குக் கூட்டிப்போனார். அங்கே என்ன கற்றுக்கொள்வான்? சாபமும் கெட்ட வார்த்தையும்தான். இடையிடையே பயம் வரும், ஜெபிப்பார், உபவாசிப்பார், வேதம் வாசிப்பார். கொஞ்ச நாளில் எல்லாம் போய்விடும். தன் முயற்சியில் நல்லவனாகப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் தேவனே இல்லை என்று பேசத் தொடங்கினார். தான் கெட்டது போதாதென்று கூட இருந்தவர்களின் விசுவாசத்தையும் கெடுத்தார்.

சவுக்கடியும் பட்டினியும்

1744-ல் அவரைப் பிடித்து இங்கிலாந்தின் போர்க்கப்பலில் பலவந்தமாக ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் அது அங்கே சட்டப்படி நடந்த காரியம். அவர் தப்பி ஓடினார், அகப்பட்டார். எல்லார் முன்பாகவும் சட்டையை உரித்து அடித்தார்கள், பதவியையும் பறித்தார்கள். அடுத்த வருஷம் அவர் ஆப்பிரிக்காவுக்குப் போகும் வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டார். அது அடிமை வியாபாரக் கப்பல்.

சியரா லியோன் கடற்கரையை அடுத்த சிறு தீவுகளில் ஓர் ஆங்கிலேய அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காய்ச்சல் வந்து படுத்தார். அந்த வியாபாரியோடு வாழ்ந்த பெண்ணுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. குடிக்கத் தண்ணீர்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை. ராத்திரியில் தோட்டத்துக்குள் தவழ்ந்து போய், கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றார்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அந்த நாட்களில் அவருக்கு இரங்கியவர்கள் யார் தெரியுமா? விற்பனைக்காகச் சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த அடிமைகள்! தங்களுக்குக் கிடைத்த அற்ப ஆகாரத்தில் கொஞ்சத்தை, யாருக்கும் தெரியாமல், இவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அகப்பட்டால் அவர்கள் கதி என்னவாகும்? ஆனாலும் கொடுத்தார்கள். இதை நியூட்டனே தன் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். இந்த ஆகாரத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் இது நம்மை நியாயம் விசாரிக்கும்.

கடலின் நடுவில்

தகப்பன் தன் நண்பரான ஒரு கப்பல் முதலாளியிடம் மகனைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார். 1747-ல் கிரேஹவுண்ட் என்ற கப்பல் அவரைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டது. அது மெழுகும், யானைத்தந்தமும், மரமும் ஏற்றிய கப்பல். ஊருக்குத் திரும்பும் வழியில் பொழுதுபோக்குக்காக ஒரு பக்திப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். இதெல்லாம் உண்மையாக இருந்தால் என் கதி என்ன என்ற நினைவு வந்தது. உடனே மூடி வைத்துவிட்டார்.

அன்றிரவே புயல் அடித்தது. இப்போதைய காலண்டர்படி 1748 மார்ச் 21. தூங்கிக்கொண்டிருந்தவரின் அறைக்குள் கடல் புகுந்தது. கப்பல் முழுகுகிறது என்ற கூக்குரல் கேட்டு மேலே ஏறப் போனார். கப்பல் தலைவர் அவரைத் தடுத்து, கீழே போய் ஒரு கத்தியை எடுத்து வரச் சொன்னார். இவர் திரும்பிப் போன அந்த நிமிஷத்தில் இவருக்குப் பதிலாக மேலே ஏறிய மனிதனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

கப்பலின் ஒரு பக்கத்துப் பலகைகள் பெயர்ந்துபோயின. துணிமணிகளையும் படுக்கைகளையும் ஓட்டையில் அடைத்து, மேலே பலகை வைத்து ஆணி அடித்தார்கள். ஏற்றியிருந்த மெழுகும் மரமும் தண்ணீரைவிட லேசானவை. அதனால் கப்பல் தாழ்ந்துபோகாமல் மிதந்தது. விடியற்காலம் மூன்று மணியிலிருந்து ஏறக்குறைய மத்தியானம் வரை நியூட்டன் தண்ணீர் இறைக்கும் பம்பில் நின்றார். அலை அடித்துப் போகாதபடி உடம்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டார். அப்போது தன்னையும் அறியாமல் கர்த்தருடைய இரக்கத்தைக் கேட்டு ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தது. சொன்னவருக்கே திகைப்பு. எத்தனையோ வருஷமாகப் பரியாசத்துக்கு மட்டுமே கர்த்தரின் பெயரைச் சொன்ன வாய் அது. எனக்கு என்ன இரக்கம் கிடைக்க முடியும் என்று அவர் உள்ளம் நடுங்கியது.

புயல் தணிந்தும் ஆபத்து தீரவில்லை. ஆகாரமெல்லாம் கெட்டுப்போயிற்று. உப்புக்கண்டம் போட்ட மீனில் பாதித் துண்டு, பன்னிரண்டு பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. கப்பல் தலைவரோ இவரை யோனா என்று திட்டி, இவரைக் கடலில் எறிந்தால்தான் பிழைப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் நியூட்டன் புதிய ஏற்பாட்டை எடுத்து வாசித்தார். கெட்ட குமாரனின் உவமை அவரை உடைத்தது. கேட்கிறவர்களுக்குப் பரமபிதா பரிசுத்த ஆவியைக் கொடுப்பார் என்று ஆண்டவர் சொன்ன இடத்தில் (லூக்கா 11:13) அவர் நின்றுவிட்டார். வேதம் உண்மையானால் அதை விளங்கிக்கொள்ள ஆவியானவர் வேண்டும். ஆவியானவரைத் தருவேன் என்று வேதமே சொல்கிறது. அப்படியானால் கேட்டுப் பார்ப்போம் என்று ஜெபிக்கத் தொடங்கினார். அல்லேலூயா! நான்கு வாரம் கழித்து அயர்லாந்துக் கரையைக் கண்டார்கள்.

அந்த மார்ச் 21-ஐ அவர் சாகும்வரை மறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளை ஜெபத்திலும் ஸ்தோத்திரத்திலும் கழித்தார். கண்பார்வை மங்கி எழுத முடியாத 1805-லும் அந்தத் தேதியில் நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதினார்.

மேல்தளமும் கீழ்த்தளமும்

பிரியமானவர்களே, நம்மில் பலர் நியூட்டனின் சாட்சியை இந்த இடத்தோடு முடித்துவிடுவோம். புயல் அடித்தது, இரட்சிக்கப்பட்டார், புகழ்பெற்ற கீர்த்தனையை எழுதினார், ஆமென். நானும் மேடைகளில் அப்படித்தான் கேட்டிருந்தேன். ஆனால் மூப்பர் ஐயா கொடுத்த புத்தகத்தில் அடுத்த பக்கம் இருந்தது.

அதே 1748-ல் அவர் மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். எதற்கு? அடிமைகளை வாங்க. ஓர் அடிமைக் கப்பலில் தலைவருக்கு அடுத்த பதவி. அந்தப் பயணத்தில் ஜெபம் குளிர்ந்துபோயிற்று, பழைய பாவங்களில் விழுந்தார். மறுபடியும் காய்ச்சலில் படுத்து, பலவீனத்தோடு தனிமையான ஓரிடத்துக்குத் தவழ்ந்து போய், கர்த்தரிடம் தன்னை மறுபடியும் ஒப்புக்கொடுத்தார். 1750-ல் தான் பல வருஷமாக நேசித்த மேரி என்ற பெண்ணை மணந்தார். அதே வருஷத்தில் தானே கப்பல் தலைவராகி, 1754 வரை மூன்று பயணம் போனார். மூன்றும் அடிமைப் பயணங்கள்.

கப்பலின் மேல்தளத்தில் ஞாயிறுதோறும் இரண்டு வேளை ஆராதனை நடத்தினார். சாபமும் கெட்ட பேச்சும் கூடாது என்று பார்த்துக்கொண்டார். மனைவிக்கு பக்தியான கடிதங்கள் எழுதினார். அந்தப் பயணங்களில் தேவனோடு அனுபவித்த இனிமையான ஐக்கியத்தைப் போல வேறெப்போதும் அனுபவித்ததில்லை என்றுகூடப் பின்பு எழுதினார்.

கீழ்த்தளத்தில் என்ன இருந்தது? நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில் மனுஷர். இருவர் இருவராகக் கையும் காலும் சேர்த்து விலங்கு. அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல இடைவெளி இல்லாமல் அடுக்கப்பட்டார்கள். சில காலைகளில் உயிரோடு இருப்பவனும் செத்தவனும் ஒரே விலங்கில் இருப்பார்கள். கப்பல் நாட்குறிப்பில் செத்தவர்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். 1752-ல் கலகம் செய்ய நினைத்தார்கள் என்று சந்தேகித்து, சில சிறுவர்களின் கட்டைவிரல்களை இரும்புக் கருவியில் வைத்து நெரித்து விசாரித்ததை அவரே குறித்து வைத்திருக்கிறார். கடைசிப் பயணத்தில் ஒருவரும் சாகவில்லை என்று ஆலயத்தில் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். உயிரோடு கொண்டுபோய் எங்கே இறக்கினார்? அமெரிக்கத் தீவுகளின் கரும்புத் தோட்டச் சந்தையில்.

தன்னைப் பட்டினியிலிருந்து காத்த சங்கிலிக்காரர்களின் ஜனத்தை அவர் விலை கொடுத்து வாங்கி, விலைக்கு விற்றார்.

இதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் அவர்மேல் கோபம் வந்தது. என்ன மனுஷன் இவன், இவனா இரட்சிக்கப்பட்டவன் என்று நினைத்தேன். அப்புறம் கண் தானாகப் பீரோ பக்கம் போயிற்று.

இவர் உண்மையாகவே இரட்சிக்கப்பட்டாரா?

வேதம் இரட்சிப்பை ஒரே சொல்லால் சொல்லவில்லை. சாதாரண ஜனங்களாகிய நமக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

மனந்திரும்புதல் என்றால் அழுவது மட்டுமல்ல, போகிற வழியை விட்டுத் திரும்பி நடப்பது. நீதிமானாக்கப்படுதல் என்றால், நம் கணக்கில் இருந்த பாவக்கடன் கிறிஸ்துவின் இரத்தத்தினால் தீர்க்கப்பட்டு, அவருடைய நீதி நம் கணக்கில் எழுதப்படுவது (ரோமர் 3:24-25, 5:1). அது விசுவாசித்த நிமிஷத்தில் இலவசமாக நடக்கிறது. அதில் நம் கிரியைக்குப் பங்கே இல்லை (எபேசியர் 2:8-9). மறுபிறப்பு என்றால் ஆவியானவர் உள்ளே புதிய ஜீவனை வைப்பது (யோவான் 3:5). பிறந்த குழந்தை பிறந்ததுதான், ஆனால் அது வளரவேண்டும். அந்த வளர்ச்சிக்குப் பெயர் பரிசுத்தமாக்கப்படுதல்.

ஆகவே நம் இரட்சிப்புக்கு மூன்று காலம் உண்டு. பாவத்தின் தண்டனையிலிருந்து இரட்சிக்கப்பட்டோம். பாவத்தின் வல்லமையிலிருந்து தினந்தோறும் இரட்சிக்கப்பட்டு வருகிறோம் (பிலிப்பியர் 2:12-13). ஆண்டவர் வரும்போது சரீரமும் மீட்கப்பட்டு, பாவமே இல்லாத இடத்துக்கு இரட்சிக்கப்படுவோம் (ரோமர் 8:23). முதலாவதை வாங்கிக்கொண்டு, மூன்றாவதைப் பாடிக்கொண்டு, நடுவில் உள்ளதை மறந்துவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நியூட்டன் தன்னைப் பற்றி என்ன சொன்னார்? புயலின் நாளில் கர்த்தர் தன்னை ஆழத்திலிருந்து தூக்கினார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன்பின் நெடுநாள்வரை, அந்த வார்த்தையின் முழு அர்த்தத்தில் தன்னை ஒரு விசுவாசி என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று 1764-ல் வெளியான தன் சரித்திரத்தில் எழுதினார். தன் சாட்சியைத் தானே குறைத்துச் சொல்ல எவ்வளவு தாழ்மை வேண்டும் பாருங்கள்!

அப்புறம் மீட்பு என்ற வார்த்தை. இது சந்தை வார்த்தை. புதிய ஏற்பாட்டுக் காலத்தில் அடிமையாக இருக்கிறவனுக்காக விலை செலுத்தி அவனை விடுதலையாக்குவார்கள். அந்த விலைக்குப் பெயர்தான் மீட்கும்பொருள். மனுஷகுமாரன் தம் ஜீவனையே அநேகருக்காக அந்த விலையாகக் கொடுக்க வந்தார் (மாற்கு 10:45). வெள்ளியும் பொன்னும் அல்ல, விலையேறப்பெற்ற இரத்தம் (1 பேதுரு 1:18-19). நியூட்டன் விற்பதற்காக மனுஷரை வாங்கினார். இயேசுவோ விடுதலையாக்குவதற்காக மனுஷரை வாங்கினார். மேல்தளத்தில் அந்த வசனத்தை வாசித்துக்கொண்டே கீழ்த்தளத்தை எப்படி மறந்தார்? மனுஷரைத் திருடி விற்கிறவனைப் பற்றி வேதம் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது (யாத்திராகமம் 21:16, 1 தீமோத்தேயு 1:10)! கண்முன் இருந்தும் தெரியவில்லையே!

அவரே பின்னாளில் காரணத்தை அறிக்கையிட்டார். வழக்கம், மற்றவர்களுடைய மாதிரி, லாபம், இந்த மூன்றும் தன் கண்களைக் குருடாக்கின என்றார். தன் வேலை ஒரு சிறைக்காவலன் வேலை என்ற கூச்சம் அப்போதே இருந்தது. இதைவிட மனிதத்தன்மையுள்ள வேலையைத் தரும்படி ஜெபிக்கவும் செய்தார். ஆனால் அது பாவம் என்று மட்டும் தோன்றவில்லை. சட்டம் அனுமதித்தது, பெரிய மனுஷரெல்லாம் செய்தார்கள், தேவனே கொடுத்த பிழைப்பு என்று நினைத்தார். நானும் அதைத்தானே நினைத்தேன்! நான் கொடுக்காவிட்டால் அந்த ஜனங்களுக்கு யார் முதல் கொடுப்பார்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

விடாத தேவன்

1754 நவம்பரில், அடுத்த பயணத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது, மனைவியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்ததுபோல விழுந்தார். வைத்தியர்கள் பயணம் வேண்டாம் என்றார்கள். அவருக்குப் பதிலாகப் போன தலைவரும், அதிகாரிகளில் பெரும்பாலோரும் அந்தப் பயணத்திலேயே மரித்தார்கள். மனச்சாட்சி குத்தி அவர் அந்தத் தொழிலை விடவில்லை, சரீர பலவீனத்தினால் விட்டார். உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்.

பிறகு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க வேலை. அங்கே ஒயிட்பீல்டு, வெஸ்லி போன்ற எழுப்புதல் ஊழியர்களின் செய்திகளைக் கேட்டார். கிரேக்கும் எபிரெயுவும் தானாகவே படித்தார். ஊழியத்துக்கு வர முயன்றபோது சபை அதிகாரிகள் மறுத்தார்கள். வருஷக்கணக்கில் காத்திருந்து 1764-ல் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்று, ஓல்னி என்ற ஊருக்குப் போதகராகப் போனார். அவர் நம் ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் கர்த்தர் நடத்திய விதத்தைப் பார்க்கும்போது நாம் தலைகுனிய வேண்டியதுதான்.

ஓல்னி, லேஸ் பின்னிப் பிழைக்கிற ஏழைகள் நிறைந்த ஊர். பதினாறு வருஷம் அவர்களோடு வாழ்ந்தார். கிருபையைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கீர்த்தனை, 1773-ம் வருஷப் பிறப்பு ஆராதனைக்காக அந்த ஊரில் எழுதப்பட்டது. 1780-ல் லண்டன் நகரத்து ஆலயம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். நம் தேசத்துக்கும் அவர் ஊழியத்தின் கனி வந்தது. அவரிடத்தில் ஜீவ மார்க்கத்தை அறிந்த கிளாடியஸ் புக்கானன் 1797-ல் இந்தியா வந்து, 1806-ல் தஞ்சாவூரையும் தரங்கம்பாடியையும் தரிசித்தார்.

முப்பத்துநாலு வருஷம் கழித்து

1785 டிசம்பரில் ஒரு வாலிபர் அவரைத் தேடி வந்தார். கதவைத் தட்டத் தைரியமில்லாமல் அந்தச் சதுக்கத்தை ஒன்றிரண்டு தரம் சுற்றி வந்தாராம். அவர்தான் பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்ஸ், வயது 26. புதிதாக மனந்திரும்பியிருந்தார். அரசியலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்துவிடலாமா என்பது அவருடைய போராட்டம். நியூட்டன் அவரை இருக்கிற இடத்திலேயே இருந்து கர்த்தருக்காக உழைக்கும்படி ஆலோசனை சொன்னார். அந்த வாலிபர்தான் அடிமை வியாபாரத்துக்கு விரோதமாகப் பாராளுமன்றத்தில் இருபது வருஷம் போராடியவர்.

போராட்டத்துக்குச் சாட்சி வேண்டும். அடிமைக் கப்பலின் கீழ்த்தளத்தை உள்ளே இருந்து பார்த்தவன் வாய் திறக்க வேண்டும். நியூட்டனுக்கு அப்போது வயது 60-க்கு மேல். லண்டனில் எல்லாரும் மதிக்கிற போதகர். பழையதைக் கிளறினால் அவமானம் யாருக்கு? இரத்தத்தினால் கழுவப்பட்டாயிற்று, ஏன் அதைப் பேசவேண்டும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. 1788-ல், கடைசியாகக் கப்பலை விட்டு முப்பத்துநாலு வருஷம் கழித்து, ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். நான் மேலே சொன்ன கீழ்த்தளக் காட்சிகளை உலகம் அதில் வாசித்தது. இந்த அறிக்கை மிகவும் பிந்தி வருகிறது, என் வெட்கம் சாகும்வரை தீராது, ஆனாலும் மௌனமாக இருந்தால் அது குற்றமாகும் என்ற கருத்தில் எழுதினார். அரசரின் ஆலோசனைச் சங்கத்தின் முன்பும், 1790-ல் பாராளுமன்றக் குழுவின் முன்பும் நின்று சாட்சி சொன்னார். மற்றவர்களைக் குற்றம் சொல்வதற்கு முன் தன்னையே முதல் குற்றவாளியாக நிறுத்தினார்.

1807 மார்ச் 25-ல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட பெரும்பாலான இடங்களில் அடிமைத்தனமே ஒழிய 1833-ம் வருஷச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கப்பல்களுக்கு ஒரு முடிவு வந்ததை, கண் தெரியாத 81 வயதுக் கிழவர் காதால் கேட்டார். அதே வருஷம் டிசம்பர் 21-ல் தன் இரட்சகரிடம் போய்ச் சேர்ந்தார். தன் கல்லறைக்கான வாசகத்தையும் அவரே எழுதி வைத்திருந்தார். அதில் தன்னை நாத்திகன், துன்மார்க்கன், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியன் என்று எழுதி, அதன்பிறகே கிறிஸ்துவின் கிருபை தன்னை மன்னித்ததை எழுதினார்.

தாமதத்தின் விலை

இந்த ஜீவியத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். இரட்சிப்பு இலவசம். நம் கிரியையினால் ஒரு காசும் அதற்குச் சேர்க்க முடியாது. கொலைகாரனுக்கும் உண்டு, அடிமை வியாபாரிக்கும் உண்டு, தண்டல்காரனுக்கும் உண்டு. ஆனால் இரட்சிக்கப்பட்டவன் பரிசுத்தமாவதில் தாமதித்தால், அந்தத் தாமதத்துக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார். நியூட்டன் மெதுவாக வளர்ந்தார். அந்த மெதுவுக்கு விலை கொடுத்தவர்கள் கீழ்த்தளத்தில் விலங்கோடு படுத்திருந்தவர்கள். கர்த்தர் அவரை மன்னித்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஜனங்களை அவரால் திருப்பிக் கொண்டுவர முடிந்ததா? பெயர்கூடத் தெரியாதே!

சகேயுவின் வீட்டுக்கு இரட்சிப்பு வந்த அன்றே அவன் திருப்பிக் கொடுக்க எழுந்து நின்றான் (லூக்கா 19:8-9). கொடுத்ததினால் இரட்சிக்கப்படவில்லை, இரட்சிப்பு வந்ததினால் கொடுத்தான். வேர் கிருபை, கனி கிரியை. இதை மாற்றிப் போடவும் கூடாது, ஒன்றை வெட்டிப் போடவும் கூடாது.

இனி என் பீரோ. புத்தகத்தை முடித்த மறுநாள் காலை ஜெபத்தில் முழங்காலை விட்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கீழ்த்தட்டைத் திறந்தேன். பத்தொன்பது ரேஷன் கார்டு, நாலு ஜோடித் தோடு, ஒரு ஜோடிக் கொலுசு. என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக இந்த நாளுக்காகத்தான் ஜெபித்தேன் என்று சொல்லி அழுதாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே!

அன்றைக்கே மார்க்கெட்டுக்குப் போனேன். கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் பயந்துபோய், இதில் என்ன சூது இருக்கிறதோ என்று வாங்க மறுத்தார்கள். ஒரு பூக்காரப் பெண் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்பை நான் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியுமா? தண்டலை நிறுத்திவிட்டு வெங்காய மண்டியில் கணக்கெழுதப் போனேன். அதிகமாக வாங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க ஆறு வருஷம் ஆயிற்று. அந்த வருஷங்களில் வீட்டில் கஷ்டம்தான். ஆனால் கர்த்தர் பட்டினி போடவில்லை. ஸ்தோத்திரம்!

ஒரே ஒரு ஜோடித் தோடு மட்டும் மிஞ்சிவிட்டது. கீரை விற்ற ஒரு அம்மாவுடையது. நான் தேடிப் போனபோது அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளையின் வைத்தியத்துக்காக அடகு வைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளை என்ன ஆயிற்றோ தெரியாது. ஒரு காகிதத்தில் மடித்து வேதப்புத்தகத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். என் பாவம் மன்னிக்கப்பட்டது என்று எனக்கு நிச்சயம் உண்டு. அந்தத் தோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அன்பான சகோதரனே, சகோதரியே, உங்கள் சாட்சியை நான் சந்தேகப்படவில்லை. நீங்கள் இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்லும்போது நானும் சேர்ந்து அல்லேலூயா சொல்வேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் கீழ்த்தளத்தில் யார் இருக்கிறார்கள்? வேலைக்காரப் பெண்ணின் சம்பளமா, தம்பிக்குச் சேரவேண்டிய நிலமா, மருமகளிடம் வாங்கிய நகையா? ஆவியானவர் இன்றைக்குக் காட்டினால் இன்றைக்கே இறங்கிப் போய்த் திறந்துவிடுங்கள். முப்பத்துநாலு வருஷம் காத்திருக்க வேண்டாம். என்னைப்போல எட்டு வருஷமும் வேண்டாம்.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, இலவசமாய் எங்களை நீதிமான்களாக்கினீரே, உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் பார்க்க மறுக்கிற இடத்தை எங்களுக்குக் காட்டும். திருப்பிக் கொடுக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுக்கப் பெலன் தாரும். எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனவர்களை நீரே தேடிச் சந்தித்து ஆற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய வருகை சமீபம். மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபைச் சகோதரன்